காகித வாப்பா

மகளே, ஸலாம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பது உன் உம்மா ஃபோனில் பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் தெரிகிறது. எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெருநாள் அன்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து நான் சொன்ன சொல்லுக்காக நீ ஏழு வாரமாக இந்தப் படி ஏறவில்லை. அடுத்த மாதம் மருமகனுக்கு வேலை மாற்றல் என்று இரண்டு பேரும் பெங்களூருக்குப் போகிறீர்கள். இதே மும்பையில், திலக் நகரில் இருக்கும்போதே தாராவிக்கு வராதவள், அங்கே போன பிறகா வரப் போகிறாய்? அதற்குள் இதை எழுதி உன் கையில் சேர்த்துவிட வேண்டும். தமிழில்தான் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ எழுதிய இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை நானும் அப்படித்தான் படித்தேன். ஒன்றரை மாதம் ஆனது. நீயும் கொஞ்சம் கஷ்டப்படு.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் பொறாமை. அறுபத்திரண்டு வயதில், சர்க்கரை மாத்திரையும் மூக்குக் கண்ணாடியுமாக இருக்கிற ஒரு மனிதனுக்கு, ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கிற கதையில் வரும் ஒருவன் மேல் பொறாமை. தொழிலில் எனக்கு யார் மேலும் அது வந்ததில்லை. எதிர்ச்சந்துக்காரன் என்னோடு சேர்ந்துதான் பை தைக்க ஆரம்பித்தான். மூன்று மெஷினை முப்பது ஆக்கினான், மாடிக்கு மேல் மாடி எழுப்பினான். மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு என் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டேன். இவன் மேல் மட்டும் வயிறு பற்றி எரிகிறது. இவனுக்கு உடம்பு கிடையாது, இவன் சோறு தின்பதில்லை, இவன் பெயரில் ரேஷன் கார்டு கிடையாது. உன் புத்தகத்தில் அந்தச் சின்னப் பெண் ஜொஹராவின் வாப்பாவாக வருகிறானே, அவனைத்தான் சொல்கிறேன்.

நீ புத்தகத்தைக் கொண்டுவந்து தந்த அன்று நான் கீழே பட்டறையில் ஜிப்பை இழுத்து மூடும் ரன்னரைக் கோத்துக்கொண்டிருந்தேன். அட்டையில் ஒரு தகரக் கூரை, அதன் மேல் ஒரு காக்கை, கீழே இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தை. "வாப்பா, நம்ம சந்து கததான். படிச்சுப் பாருங்க" என்றாய். "பாக்கலாம், அங்க வையி" என்றேன். நீ கொஞ்ச நேரம் நின்றாய். நான் நிமிரவே இல்லை. உண்மை என்னவென்றால், அட்டையில் உன் பெயரைப் பார்த்ததும் ரன்னரைத் தலைகீழாகக் கோத்துவிட்டேன். முப்பது வருடமாகத் தப்பாத கை தப்பியதை நீ பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டேன். நீ போன பிறகு என் கடைசித் தம்பி, உன் சாச்சா, வந்து எட்டிப் பார்த்தான். "என்ன காக்கா, மவ பேரு அச்சுல வந்திருக்கு, மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய? எல்லாருக்கும் சாய் சொல்லுங்க" என்றான். நம் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம் என்பதை இனிமேல் பெங்களூர்க்காரர்களுக்கும் நீ உட்காரவைத்து விளக்க வேண்டியிருக்கும். அன்று பட்டறை முழுவதற்கும் சாய் வாங்கிக் கொடுத்தேன். அதையும் உன்னிடம் சொல்லவில்லை.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். இங்கிலீஷ் எனக்குப் பையில் வைத்துத் தைக்கிற லேபிள் அளவுக்குத்தான் தெரியும். ஒரு நாளைக்கு நாலு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். புரியாத இடத்தில் ஃபோனைப் பக்கத்தின் மேல் பிடித்தால் அது தமிழில் ஏதோ சொல்லும். ஓர் இடத்தில் "ஜொஹரா விரிசல் விட்டாள்" என்றது. பயந்து போனேன். பிள்ளைக்கு என்ன ஆயிற்று, எங்கே விழுந்தாள் என்று மருமகனுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். "சிரிச்சிட்டான்னு அர்த்தம் மாமா" என்றார். அப்படிப் படித்த புத்தகம் அது. சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்றுதானே சொன்னீர்கள்? இரண்டு பக்கம் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறாய், மூன்றாவது பக்கத்தில் ஒரு சின்ன வரியை வைத்து அழ வைக்கிறாய். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் பையன்கள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். ரெக்ஸின் நெடி கண்ணில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

சரி, அவன் விஷயத்துக்கு வருவோம். ஜொஹராவின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. அவள் மரமாக நடிக்கிறாள். வசனம் கிடையாது, நிற்க வேண்டும், அவ்வளவுதான். வெளியே மழை கொட்டுகிறது. அவள் வாப்பா பட்டறையிலிருந்து ஒரு பெண்கள் கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வருகிறான். முதல் வரிசையில் உட்கார்ந்து, வேறு எந்தப் பிள்ளைக்கும் கை தட்டாமல், மரம் சும்மா நிற்கும்போது எழுந்து நின்று தட்டுகிறான். தப்பான இடத்தில் தட்டுகிறான். பள்ளிக்கூடமே சிரிக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் மிகவும் பிடிக்கும் என்று மருமகன் சொன்னார். எனக்கு அந்தக் கட்டம் வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். ஏனென்றால் நீயும் மரமாக நின்றாய். நான்காம் வகுப்பு. உன் உம்மா பச்சைத் துணியில் இலை வெட்டித் தைத்தாள். "வருவீங்கதானே வாப்பா?" என்று நீ மூன்று நாள் கேட்டாய். மூன்று நாளும் "பாக்கலாம்" என்றேன். அன்று ஆர்டர் கொடுத்த சேட் சரக்கு எடுக்க வருகிறான் என்று பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். அவன் வரவில்லை. மரம் வீட்டுக்கு வந்து, இலையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தூங்கிப்போனது.

இன்னொன்று. ஜொஹரா கதை எழுதுகிற நோட்டுக்கு அட்டை போட, தைத்து முடித்த ஒரு சிவப்புத் தோல் பையிலிருந்து துண்டு வெட்டிவிடுகிறாள். அந்தக் காகித வாப்பா என்ன செய்கிறான்? இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். "கட்டிங் சரியில்லியே, வா" என்று மெஷினில் உட்காரவைத்து, தானே அட்டையைத் தைத்துக் கொடுக்கிறான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க மாட்டேன், இருக்கப்போய்த்தானே எழுதினாய். நீ வெட்டியபோது நான் போட்ட கூச்சலில் சந்துக் கோடி வரை ஆட்கள் வந்து நின்றார்கள். பசை போட்டு நீ ஒட்டியிருந்த அட்டையை உரித்து எடுத்தேன். நோட்டின் முதல் பக்கமும் கூடவே கிழிந்து வந்தது. அதில் பென்சிலால் ஒரு கதை தொடங்கியிருந்தாய். என்ன கதை என்று நான் பார்க்கவில்லை. இன்றைக்கு ஊரெல்லாம் பிள்ளைகள் உன் கதையைப் படிக்கிறார்கள், உன் முதல் பக்கத்தைக் கிழித்தவன் நான்.

இப்படி அத்தியாயத்துக்கு அத்தியாயம். நான் கத்திய இடத்தில் அவன் சிரிக்கிறான், நான் போகாத இடத்துக்கு அவன் மழையில் ஓடுகிறான். எனக்கு ஒவ்வொன்றாகச் செய்யத் தெரியாமல் போனதை எல்லாம் அவன் ஒரு துளி வியர்வை இல்லாமல் செய்துவிட்டுப் போகிறான். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் முணுமுணுப்புதான். உன் உம்மா சோற்றில் ஆணத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பக்கத்து வீட்டுக்காரன் மேல பொறாமப்படுற ஆம்பளயப் பாத்திருக்கேன். கடதாசி மனுசன் மேல பொறாமப்படுற ஆம்பளய இப்பத்தான் பாக்கேன்." எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காக்கை வருகிற பக்கமெல்லாம் எனக்கு அமிர்தம். விடிந்தும் விடியாததுமாகத் தகரக் கூரையில் உட்கார்ந்து சந்து முழுவதையும் ஏசுகிற காக்கை. இங்கிலீஷிலும் அதற்கு நீ வைத்த பெயர் காக்காதான். குழாயை யாராவது மூடாமல் போனால் கத்தல், குப்பையை வாசலில் கொட்டினால் கத்தல், சும்மா இருந்தாலும் கத்தல். ஜொஹரா வீட்டுக் கரண்டியைத் திருடுகிறது. அவள் சிவப்பு ரிப்பனைப் பறித்துக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்துக் கசங்கிய நிலையில் அவள் முன்னால் போட்டுவிட்டு, போட்டது தான் இல்லை என்பதுபோல் வானத்தைப் பார்க்கிறது. அவள் முதல்முறை தனியாகப் பள்ளிக்கூடம் போகிறபோது கரண்டுக் கம்பிக்குக் கம்பி தாவிப் பின்னாலேயே போகிறது. அவள் திரும்பினால் தலையை வேறு பக்கம் வைத்துக்கொள்கிறது. "வெக்கங்கெட்ட காக்கா!" என்று நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். கடைசிப் பக்கத்தில் அவர்கள் வீடு மாறிப் போகிறார்கள். சாமான் ஏற்றிய டெம்போவிலிருந்து அவள் "காக்கா!" என்று கூப்பிடுகிறாள். அது கூரையில் உட்கார்ந்தபடி, வழக்கம்போல் வேறு பக்கம் பார்க்கிறது. எனக்கு அப்படியொரு கோபம். திரும்பிப் பாரேன் கழுதை, பிள்ளை கூப்பிடுதுல்லா என்று புத்தகத்தோடு சண்டை போட்டேன்.

பெருநாளுக்கு வருவோம். மருமகன் நல்ல மனதோடுதான் பேச்சை எடுத்தார். "எந்த ஸ்கூலுக்குப் போனாலும் பிள்ளைங்க அந்த வாப்பாவத்தான் கேக்குதுங்க மாமா. இப்படி ஒரு வாப்பா வேணும்னு எழுதியே குடுக்குதுங்க" என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாய் என்று இப்போது புரிகிறது. நான் சொன்னேன்: "ஒனக்கு வேண்டிய வாப்பாவ நீயே செஞ்சுக்கிட்டே. நல்லாத்தான் செஞ்சிருக்கே. அடுத்த பெருநாளுக்கு அவன் வீட்டுக்கே போயேன்." கையில் எடுத்த சோற்றை நீ தட்டில் வைத்தாய். கை கழுவினாய். "உம்மா, வாரேன்" என்றாய். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மருமகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து உன் பின்னால் ஓடினார். உன் சாச்சா தலையைக் குனிந்தபடி, "காக்கா, நீங்க என்ன காரியம் செஞ்சிய" என்றான். பிரியாணிச் சட்டி அப்படியே இருந்தது. மறுநாள் பட்டறைப் பையன்கள் தின்றார்கள்.

அதன் பிறகு மூன்று முறை உன் நம்பரை எடுத்தேன், மூன்று முறையும் வைத்துவிட்டேன். என்ன சொல்லித் தொடங்குவது? கோபம் என்றால் வாய் தானாக ஓடுகிறது, மற்றதற்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இப்படி இருக்கையில்தான், மாட்டுங்காவில் ஒரு நூலக மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நீ பிள்ளைகளுக்குக் கதை படிக்கப் போகிறாய் என்று உம்மாவிடம் நீ ஃபோனில் சொன்னது என் காதில் விழுந்தது. ஞாயிறு காலை குளித்து, சட்டை மாற்றி, ஊசி வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். "ஊசி வாங்கவா வெள்ளச் சட்ட, அத்தரு?" என்று கேட்டாள் உன் உம்மா. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். விரிப்பில் நாற்பது ஐம்பது பிள்ளைகள். பெற்றவர்கள் சுவரோரம் நாற்காலியில். நான் கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால், முகத்தில் பழைய மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீ வந்தாய். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பை நான் நம் வீட்டில் பார்த்ததில்லை. அங்கேயும் எனக்குப் பொறாமைதான். முன் பல் விழுந்த ஒரு பயல், சப்பணம் போட்டு உன் காலடியில் உட்கார்ந்து, நீ படிக்கப் படிக்க உன் சேலை முந்தானையைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். நீ அவனைத் தடுக்கவில்லை. அவன் மேலும் பொறாமை. காக்கை கம்பிக்குக் கம்பி தாவுகிற அத்தியாயத்தைப் படித்தாய். ஜொஹரா திரும்புகிறாள், காக்கை தலையை வேறு பக்கம் வைத்துக்கொள்கிறது என்கிற இடத்தில் என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். வேறு யாரும் தட்டவில்லை. எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன். நீ ஒரு நொடி நிறுத்தினாய், பிறகு படித்தாய். பார்த்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

படித்து முடித்ததும் ஒரு பெண் குழந்தை எழுந்தாள். ஜொஹராவின் வாப்பா உங்கள் அப்பாவா என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, இல்லை, அவரை நான் கற்பனை செய்தேன் என்றாய். தெரிந்த விஷயம்தானே, அதை ஐம்பது பிள்ளைகள் முன்னால் உன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எழுந்துவிடப் பார்த்தேன். அதற்குள் அந்தப் பல் விழுந்த பயல் கையைத் தூக்கினான். "தீதி, கவ்வா கா நாம் காகா க்யூன் ஹை? காகா தோ சாச்சா கோ போல்தே ஹைன் ந?" என்றான். மராட்டிக்காரர்கள் சித்தப்பாவைக் காகா என்பார்கள். காகத்துக்கு ஏன் சித்தப்பா பெயர் என்பது அவன் சந்தேகம். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக ஹிந்தியில் பதில் சொன்னாய். எனக்குக் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். "எங்க வீட்ல காக்கான்னா அண்ணன். எங்க வாப்பாவுக்குத் தம்பி தங்கச்சி அஞ்சு பேரு. நாள் பூரா காக்கா, காக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அதக் கேட்டு நானும் சின்னதுல அவர அப்படித்தான் கூப்பிட்டேன். ஒரு நாள், இனிமே அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டார். எனக்கு அந்தப் பேர எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு தெரியல. ரொம்ப நாள் கையில வச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் கூரை மேல வச்சிட்டேன்." பயல் வாயைப் பிளந்தான். "தோ கவ்வா ஆப்கே பாப்பா ஹைன்?" அந்தக் காக்கைதான் உங்கள் அப்பாவா என்று கேட்கிறான். "ஹாங்", ஆமாம் என்றாய் நீ. மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் நான் வெளியே வந்துவிட்டேன். வீட்டு வாசலில் உன் உம்மா, "ஊசி எங்க?" என்றாள். பிறகு என் காலைப் பார்த்து, "இது யாரு செருப்பு?" என்றாள். ஒரு காலில் என்னுடையது, மற்றதில் யாரோ ஒரு மாட்டுங்காக்காரருடையது. அவரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிடு.

இப்போது அந்தப் பெயரை நான் தடுத்த நாளைச் சொல்கிறேன். நீ அறியாத பாதி என்னிடம் இருக்கிறது. என் வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடியபோது எனக்குப் பதினாலு வயது. அன்றிலிருந்து ஐந்து பேருக்கும் நான்தான் எல்லாம். காக்கா என்று ஒரு குரல் வந்தால் பின்னாலேயே ஒரு தேவை வரும். காக்கா பசிக்கி, காக்கா காய்ச்சல் அடிக்கி, காக்கா எனக்கு எப்ப கல்யாணம். அவர்களைக் குறை சொல்லவில்லை. வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே என் தோள் தானாக இறங்கும். நீ பிறந்தபோது ஒரே ஓர் ஆசைதான் வைத்தேன்: இந்த உலகத்தில் ஒரு வாயாவது என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நீயோ மழலை தொடங்கியதும் "காக்கா" என்றாய். முதலில் எல்லோரும் சிரித்தோம். உனக்கு நாலு வயதிருக்கும்போது ஒரு நாள் புது வியாபாரி ஒருவர் பட்டறையில் உட்கார்ந்திருக்க, மேலேயிருந்து ஏணிப்படியில் குனிந்து "காக்கா!" என்று கூவினாய். தமிழ் தெரிந்த ஒருவர், அண்ணன் என்று அர்த்தம் சொன்னார். அந்த வியாபாரி, "பச்சீ ஆப்கீ பெஹன் ஹை க்யா?" என்று கேட்டார். குழந்தை உங்கள் தங்கையா என்கிறார். சிரிப்போ சிரிப்பு. நான் மேலே ஏறி வந்து உன் காதைப் பிடித்துத் திருகினேன். "இனி அந்தப் பேரு ஒன் வாயில வரக் கூடாது. நான் ஒனக்கு வாப்பா. அவங்களுக்குத்தான் காக்கா." அதற்குப் பிறகு பதினைந்து நாள் நீ என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றால் வந்து கைலியைப் பிடித்து இழுப்பாய். பிறகு ஒரு நாள் "வாப்பா" என்றாய், டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்றைக்கும் என்னைப் பிடித்திருந்தது பொறாமைதான். என் தம்பி தங்கைகளோடு உன்னைப் பங்கு போட எனக்கு மனதில்லை. உனக்கென்று ஒரு சொல், அது உன் வாயிலிருந்து மட்டும் வர வேண்டும் என்று கிடந்து தவித்தேன். அதை அப்படியே சொல்லியிருந்தால் நாலு வயதுப் பிள்ளைக்குக் கூடப் புரிந்திருக்கும். காதைத் திருகினால் என்ன புரியும்? தன் குரல் வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் புரியும்.

மாட்டுங்காவிலிருந்து வந்த மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மெஷின்கள் ஓய்ந்திருந்தபோது, காக்கை வருகிற பக்கங்களை மட்டும் எடுத்து மறுபடி படித்தேன். இந்தத் தடவை ஃபோன் தேவைப்படவில்லை. நீ பத்து வயதில் சயான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போகத் தொடங்கியபோது, பதினோரு நாள் கைவண்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வந்தேன். நீ திரும்பினால், ஒரு செல்ஃபோன் கடைக் கண்ணாடியில் தலை சீவுகிறவன்போல் நிற்பேன். பார்த்திருக்கிறாய். சிவப்பு அட்டையை உரித்த இரண்டு நாளைக்குப் பிறகு, மிஞ்சிய சிவப்புத் தோலில் நோட்டு அளவுக்கு ஒரு துண்டு வெட்டி உன் பைக்குள் யாருக்கும் தெரியாமல் செருகினேன். அதையும் பார்த்திருக்கிறாய். மழை வெள்ளம் சந்துக்குள் நுழைந்த விடிகாலையில், எல்லோரையும் எழுப்ப நான் தகரத்தைச் சுத்தியலால் அடித்துக்கொண்டே கத்தியது வரைக்கும் காக்கை அலகால் கொத்துகிற சத்தமாக எழுதி வைத்திருக்கிறாய். மகளே, நான் புத்தகம் முழுக்க என்னைத் தேடினேன். தப்பானவனிடம் தேடினேன். கரண்டி விஷயம் மட்டும் பொய். நான் எப்போது கரண்டி திருடினேன்? உன் உம்மாவிடம் கேட்டேன். "திருடுனிய. தங்கச்சி புள்ளைக்கு மருந்து குடுக்கணும்னு எடுத்துட்டுப் போனது இன்னும் வரல" என்கிறாள்.

அறிவுரை இல்லாமல் ஒரு வாப்பா கடிதம் முடிக்கக் கூடாது என்பதால் இரண்டு சொல்கிறேன். நீ அடுத்த புத்தகம் எழுதுகிறாயாம். அந்தக் காகித வாப்பாவை அதில் ஒரே ஒரு முறையாவது கோபப்பட விடு. எந்நேரமும் சிரிக்கிற ஆளோடு ஒரு பட்டறையை நடத்த முடியாது, குடும்பத்தையும் நடத்த முடியாது. பிள்ளைகளுக்கு அது தெரியட்டும். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, இன்னும் அவன் மேல் காந்தல் இருக்கிறது. மரத்துக்குக் கை தட்டினான் பார், அதற்காக. இரண்டாவது, நாளைக்கு அல்லாஹ் நாடி உனக்கொரு பிள்ளை பிறந்தால், அது உன்னை உம்மா என்று கூப்பிடாமல் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், மருமகன் கூப்பிடுவதைக் கேட்டு அப்படியே கூப்பிடலாம். திருத்தாதே. என்ன பெயரோ அதற்கு "என்ன" என்று கேள். அந்தப் பெயரை வைக்க இடமில்லாமல் பிள்ளை அலையக் கூடாது.

பெங்களூருக்குக் கம்பிக்குக் கம்பி தாவி வர என் முட்டி விடாது. அதனால் போவதற்கு முன்னால் ஒரு நாள் நீ வா. படியேறச் சொல்லவில்லை, உன் ரோஷம் எனக்குத் தெரியும், என்னிடமிருந்துதானே வந்தது. சந்தில் நின்று ஒரு குரல் கொடு. என்ன பெயர் சொல்லி என்று நான் சொல்ல மாட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், பையன்கள் பாட்டு வைத்திருப்பார்கள், நானும் யாரையாவது ஏசிக்கொண்டிருப்பேன். கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடு. இந்தத் தடவை திரும்பிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
காக்கா